பேஸ்மேக்கர் வைத்த பிறகு துடிப்பு ஏன் மாறுகிறது? மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார அன்பர்களுக்குப் பதில்

தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மெதுவாகத் துடிக்கும் இதயத்தை மின்சாரத்தால் தூண்டிவிடும் சிறு கருவிதான் பேஸ்மேக்கர். என் மார்பிலும் ஒன்று இருக்கிறது. மருந்தையும் கருவியின் அளவுகளையும் மாற்றுவது உங்கள் மருத்துவரின் வேலை. அவரிடம் எதைக் கேட்பது, எப்படிச் சொல்வது என்பதற்கு என் பதில்கள் உதவட்டும்.

கேள்வி: என் கணவருக்குக் கருவி வைத்து மூன்று வாரம். முன்பு நாடி 40-க்கும் கீழே இருந்தது. இப்போது படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கருவி பழுதா, ஐயா?

பெரும்பாலும் பழுதாக இருக்காது, அம்மா. நெடுநாள் மெதுவாகத் துடித்த இதயத்துக்கு 60 என்பதே வேகமாகத் தெரியும். பல கருவிகளில் கீழ் எல்லையை நிமிடத்துக்கு 60 என்று வைப்பார்கள். இதயம் தானாகத் துடித்தால் கருவி இரவுக் காவலாளியைப் போலப் பேசாமல் கவனித்துக்கொண்டிருக்கும். தாமதித்தால் மட்டும் துடிப்பைத் தூண்டும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் துடிப்பு இன்னும் பலமாகத் தெரியும். வலப்பக்கம் படுக்கச் சொல்லிப் பாருங்கள்.

சில வாரங்களில் இது பழகிவிடும். பழகாவிட்டால், தூங்கும் நேரத்துக்கு மட்டும் எல்லையைக் குறைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. கத்தி வைக்க வேண்டியதில்லை, வெளியிலிருந்தே மாற்றிவிடுவார்கள். ‘டாக்டர் வைத்தது வைத்ததுதான்’ என்று நம்மவர்கள் வாய் திறக்காமல் சகித்துக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கேளுங்கள் அம்மா, கேட்டால் மாற்றித் தருவார்கள்.

கேள்வி: அண்ணன், தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டாரில் சும்மா உட்கார்ந்து போனாலே நாடி ஏறுகிறது. ஆனால் கோயில் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தலைகீழாக இருக்கிறதே?

மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், தம்பி. பல பேஸ்மேக்கர்களுக்குள் உடல் அசைவை உணரும் ஓர் உணரி இருக்கிறது. உடல் குலுங்கினால் நீங்கள் நடப்பதாக எடுத்துக்கொண்டு அது துடிப்பைக் கூட்டும். மேடுபள்ளச் சாலையில் மோட்டார் குலுங்குவதும் அதற்கு நடையாகவே தெரிகிறது. படி ஏறும்போது உடல் கடுமையாக உழைக்கிறது, ஆனால் நெஞ்சு அதிகம் குலுங்குவதில்லை. சிலருக்கு ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் நாடி கூடும்! சமதரையில் சைக்கிள் மிதிப்பதும், செம்பனைக் குலை ஏற்றிய தள்ளுவண்டியை மெல்லத் தள்ளுவதும் படி ஏறுவதைப் போலத்தான். மூச்சின் அளவை வைத்து வேலை செய்யும் கருவிகளும் இருக்கின்றன.

பரிசோதனைக்குப் போகும்போது ‘மூச்சு வாங்குகிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த வேலையில், எத்தனை நிமிடத்தில், நின்றதும் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் உங்களை நடக்கவிட்டுப் பார்த்து உணரியின் கூர்மையை மாற்றித் தருவார்கள். காலில் வீக்கம் இருந்தாலோ, தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டினாலோ அது வேறு விஷயம். அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டு இரத்த அழுத்தக் கருவி நாடியை 48 என்று காட்டுகிறது. 60-க்குக் கீழே போகாது என்றார்களே?

முன்கூட்டியே வரும் சில துடிப்புகள் வலுவில்லாமல் மணிக்கட்டுவரை எட்டாது. இரத்த அழுத்தக் கருவி அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். ஒரு முழு நிமிடம் விரல் வைத்து எண்ணுங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் உங்கள் எல்லை எவ்வளவு என்று மருத்துவமனையில் கேட்டுக் காட்டிவிடுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்து வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

கேள்வி: கருவி வைத்ததிலிருந்து கழுத்தில் துடிக்கிறது, சோர்வும் கிறுகிறுப்பும். விக்கலும் விடவில்லை.

இவை பழகிக்கொள்ள வேண்டியவை அல்ல. இதயத்தின் மேலறையும் கீழறையும் முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்காதபோது இரத்தம் கழுத்து இரத்தக்குழாயில் எதிர்த்து மோதும். விடாத விக்கல், மின்தூண்டல் நெஞ்சுக்குக் கீழே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தைத் தொடுவதால் வரலாம். கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி நகர்ந்திருக்கவும் கூடும். இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: செம்பனைக் குலை அறுப்பவன் நான். எப்போது வேலைக்குத் திரும்பலாம்? தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்க வேண்டுதல் உண்டு.

முதல் 4 முதல் 6 வாரம் கருவி உள்ள பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள், கனமும் வேண்டாம். கம்பி இதயத்தில் நன்றாகப் பிடிக்க அந்தக் காலம் தேவை. அதற்காகக் கையைக் கட்டிப்போட்டால் தோள் இறுகிவிடும். தோளுக்குக் கீழே மெல்ல அசைத்துக்கொண்டிருங்கள். அதன் பிறகும் நீண்ட கழி அரிவாளை அண்ணாந்து இழுக்கும் வேலை கம்பியை நாளடைவில் சேதப்படுத்தலாம். மருத்துவரின் கடிதத்தோடு மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) வேறு வேலை கேளுங்கள்.

காவடிச் சட்டம் கருவியின் மேல் அழுந்தும். அலகு குத்திய இடத்தில் கிருமி புகுந்து கம்பியைப் பிடித்தால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க நேரிடும். முருகன் பால்குடத்தையும் ஏற்றுக்கொள்வான், தம்பி. அதுவும் கை குணமான பிறகு. உறுமிச் சத்தத்தால் கெடுதல் இல்லை. ஒலிபெருக்கிப் பெட்டியில் காந்தம் இருப்பதால் அதில் சாய்ந்து நிற்காதீர்கள்.

கேள்வி: கைப்பேசி, மின்காந்த அடுப்பு?

கைப்பேசி பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். சட்டைப்பையில் வேண்டாம், மறுபக்கக் காதில் பேசுங்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 60 சென்டிமீட்டர். யானையைத் தடுக்கத் தோட்டத்தில் போட்டிருக்கும் மின்வேலியைத் தொடவே கூடாது.

கேள்வி: எனக்கு வயது 81. இந்தப் பெட்டி இருந்தால் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் என்கிறார்களே, தம்பி?

இல்லை, பாட்டி. இறுதி நேரத்தில் இதயத் தசை மின்தூண்டலுக்கு இணங்காது. கருவி யாரையும் பிடித்து வைப்பதில்லை. ஆனால் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: தகனத்துக்கு முன் இதை எடுத்துவிட வேண்டும். சூட்டில் மின்கலம் வெடிக்கும்.

கேள்வி: ஈப்போவுக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்குப் பரிசோதனை?

ஒழுங்கற்ற துடிப்பு உங்களுக்கே தெரியாமல் வந்து போகலாம். கருவி அதைப் பதிந்து வைத்திருக்கும். பேஸ்மேக்கர் அதைக் குணப்படுத்தாது. அந்த ஒழுங்கற்ற துடிப்பால் பக்கவாதம் வரும் அபாயம் உண்டு. இரத்தம் உறையாதிருக்க மருந்து தேவைப்படலாம். மின்கலமும் பெரும்பாலும் 8 முதல் 12 ஆண்டுதான் தாங்கும். எவ்வளவு மிச்சம் என்று அங்கேதான் தெரியும். உலகில் முதன்முதலாக 1958-இல் ஸ்டாக்ஹோமில் கருவி பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன், பல கருவிகளை மாற்றி மாற்றி 2001 வரை வாழ்ந்தார். தவறாமல் போய் வாருங்கள்; கருவியின் அடையாள அட்டையும், துடிப்பு மாறிய நாள், நேரம், அப்போது செய்த வேலை எழுதிய தாளும் கையில் இருக்கட்டும்.