கேள்வி–பதில்: நியூ இங்கிலாந்தின் காவல் வீடுகள்

கே: 17-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் போர்க்காலத்தில் வீட்டையே கோட்டையாக்கிக்கொண்டார்களாமே. மரவீடு எப்படிக் கோட்டையாகும்?

ப: எதிராளியிடம் பீரங்கி இல்லாததால்தான் ஆனது. பூர்வகுடிகளிடம் நல்ல துப்பாக்கிகள் இருந்தன. ஆனால் சதுரமாகச் செதுக்கி அடுக்கி, மூலைகளில் ஒன்றோடொன்று கொளுவிய ஆறேழு அங்குலக் கட்டைச் சுவரை அந்தக் குண்டு துளைக்காது. ஊரில் சில வீடுகள் மட்டும் இப்படி இருக்கும், அவைதான் காவல் வீடுகள். ஆபத்து என்றால் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அங்கே போய்ப் படுப்பார்கள். சுடுதுளை உள்ளே அகலம், வெளியே குறுகல். உள்ளிருப்பவர் துப்பாக்கியை இருபுறமும் திருப்பலாம், வெளியிலிருப்பவருக்குக் குறி கிடைக்காது.

மூலையில் துருத்தி நிற்கும் காவல் கூண்டுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் சுவரோடு ஒட்டி நிற்பவனைச் சுட வழியில்லை. மாசசூசெட்ஸின் லங்காஸ்டரில் ரோலண்ட்சன் வீட்டுக்கு எதிரெதிர் மூலைகளில் இரண்டே கூண்டுகள். அதிலும் ஒன்று கட்டி முடியவில்லை. பின்பக்கத்தை விறகு அடுக்கி அடைத்திருந்தார்கள். 1676 பிப்ரவரி 10 அன்று பூர்வகுடிகள், கொட்டகையிலிருந்த சணலைக் கொண்டுவந்தே வீட்டுக்குத் தீ வைத்துவிட்டார்கள். உள்ளே 37 பேர். ஒருவர் தவிர மற்ற எல்லோரும் செத்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள்.

கே: தீயை அணைக்க வழியே இல்லையா?

ப: 1675 ஆகஸ்டில் அதே மாசசூசெட்ஸின் புரூக்ஃபீல்டில் சுமார் 80 பேர் ஒரே வீட்டில் அடைபட்டிருந்தபோது, கூரையில் தீயம்பு தைத்தது. உள்ளிருந்தே கூரையைப் பிளந்து தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு பூர்வகுடிகள் வைக்கோலும் சணலும் ஏற்றிய வண்டியைக் கொளுத்தி, நீண்ட கழிகளால் வீட்டை நோக்கித் தள்ளினார்கள். நல்லவேளை, மழை பெய்து அது நனைந்தது. துணைப்படையும் வந்து சேர்ந்தது. மழையை நம்பிக் கோட்டை கட்ட முடியுமா, என்ன!

கே: இந்த வீடுகளில் மாடி முன்னால் நீட்டியிருப்பது கொதிநீர் ஊற்றத்தானே?

ப: எல்லோரும் சொல்வதுதான். ஆனால் எதிரியே இல்லாத இங்கிலாந்து நகர வீடுகளிலும் மாடி அப்படித்தான் நீட்டியிருக்கும். நீட்டிய தரையில் திறப்பு இருந்தால் மட்டும் நம்புங்கள்.

கே: காவல் வீடுகள் சண்டையில்லாமல் விழுந்ததுண்டா?

ப: உண்டு, நியூ ஹாம்ப்ஷயரின் டோவரில். அப்போது அதன் பெயர் கொச்சேக்கோ. 1676-இல் சமாதானமாக வந்திருந்த பூர்வகுடிகளில் சுமார் 200 பேரை வால்ட்ரன் என்ற படைத்தலைவர் தந்திரமாகப் பிடித்து பாஸ்டனுக்கு அனுப்பினார். பலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அந்தக் கணக்கு 1689 ஜூன் 27 இரவு தீர்க்கப்பட்டது. இரவு தங்க இடம் கேட்டு வந்த பூர்வகுடிப் பெண்களை உள்ளே படுக்கவிட்டார்கள். எல்லோரும் தூங்கியதும் அவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். வால்ட்ரன் உட்பட 23 பேர் கொல்லப்பட்டார்கள், 29 பேர் சிறைப்பட்டார்கள்.

அந்த ஊரின் காவல் வீடுகளில் ஹெர்ட் வீடு மட்டும் தப்பியது, ஒரு நாயால். குரைப்புச் சத்தத்தில் விழித்த வென்ட்வொர்த் என்ற முதியவர், நுழைந்தவர்களை வெளியே தள்ளி, மல்லாந்து படுத்துக் கதவைக் கால்களால் முட்டுக்கொடுத்துக்கொண்டார். கதவைத் துளைத்து வந்த இரண்டு குண்டுகளும் அவர்மேல் படவில்லை. சுவர் தாங்கும் குண்டைக் கதவு தாங்காது என்பதையும் இதில் கவனியுங்கள்.

கே: இன்று பார்க்க முடியுமா?

ப: டோவரின் வுட்மன் அருங்காட்சியகத்தில் 1675-ஆம் ஆண்டு டாம் காவல் வீட்டை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதே நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸெட்டரில் 1709-இல் கட்டிய கில்மன் வீடும் இருக்கிறது.