முதுகில் பை, மேலுக்குச் சுகமில்லை

கேள்வி: வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் தனியாக இஸ்தான்புல் போகிறேன். ஹாஸ்டலில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில் பதிவு செய்திருக்கிறேன். "அங்கே காய்ச்சல் கீய்ச்சல் வந்தா யாரு பாப்பாங்க?" என்று அம்மா தினமும் கேட்கிறார். நிஜமாகவே வந்துவிட்டால் என்ன செய்வது?
(வாசகி, பெருந்துறை)

பதில்: அம்மா கேட்பது நியாயம்தான் கண்ணு. அதே ஊரில், அதே மாதிரி ஹாஸ்டலில் எனக்கு வயிற்றால் போய், கூடவே காய்ச்சலும் வந்தது. திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவரை வெளிநாடு என்றால் கம்பெனிக் காசு, வாசலில் கார். வேலையை விட்டுவிட்டுச் சொந்தக் காசில் பையைத் தூக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த மாதிரி அனுபவமெல்லாம்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதில் கிருமியை விடப் பெரிய எதிரி, கட்டின காசு. "டிக்கெட் எடுத்தாச்சு, பாக்காம எப்படி வர்றது?" ஆயா சோபியா என்கிற பழைய மசூதியைப் பார்க்க வெளிநாட்டவர்களிடம் 2024 ஜனவரியிலிருந்து 25 யூரோ வாங்குகிறார்கள். அந்தச் சீட்டு கையில் இருந்தால் 102 டிகிரி காய்ச்சலும் லேசான உடம்புச்சூடாகத்தான் தெரியும். அது இருக்கிற சுல்தானகமெட் பக்கமெல்லாம் கல் பாவிய ஏற்ற இறக்கம், டிராமில் கூட்டம், எல்லா வாசலிலும் வரிசை. நல்ல உடம்புக்கே பொழுதோட முழங்கால் கெஞ்சும். அதனால் காலையில் எழும்போதே உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு முழுநாளையும் ரத்து செய்துவிடுங்க. பாதி நாள் சுற்றிவிட்டு மத்தியானம் படுத்துக்கொள்ளலாம் என்கிற பேரமெல்லாம் வயிற்றிடம் செல்லாது.

அடுத்தது அறை. எட்டுக் கட்டில் அறையில் உங்களுக்கு மேல் கட்டில் கிடைத்திருந்தால், ராத்திரி ஏணியில் இறங்கணும், இருட்டில் செருப்பைத் துழாவணும், கதவு திறக்கிற அட்டையைத் தலையணைக்கடியில் தேடணும், நடையின் கடைசியில் இருக்கிற கழிப்பறைக்கு ஓடணும். திரும்ப வந்து ஏணியில் ஒரு கால் வைக்கும்போது வயிறு மறுபடி கூப்பிடும். இரண்டு தடவை இப்படி ஆனதுமே நான் கீழே போய், குளியலறை சேர்ந்த தனி அறை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. கட்டிலுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு வாடகை. யோசிக்கவே இல்லை. ஊருக்குப் புறப்படும்போதே "சீக்குக் காசு" என்று ஒரு ராத்திரி வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்க. இன்னொரு நியாயமும் இருக்கிறது: அந்த அறையில் மற்ற ஏழு பேரும் காசு கொடுத்துத்தான் படுத்திருக்கிறார்கள்.

ஒரு நல்ல சேதி. துருக்கியில் கழிப்பறைப் பீங்கானிலேயே கழுவத் தண்ணீர்க் குழாய் வைத்திருப்பார்கள். அங்கிருந்து ஐரோப்பாப் பக்கம் போனால் பெரும்பாலும் காகிதம்தான். வயிறு கெடுவதென்றால் துருக்கியிலேயே கெட்டுத் தொலையட்டும்.

சரி, சாப்பாடு. முதல் வேலை உப்புச் சர்க்கரைத் தண்ணீர். ஓஆர்எஸ் பொட்டலம் நம்ம ஊர் மருந்துக்கடையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்க. டெட்ரா பாக்கெட்டில் வருகிற இனிப்பு ஜூஸ் அதற்கு ஈடாகாது. பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மடக்கென்று குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்க. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அங்கே பாட்டில்தான். வயிறு கொஞ்சம் அடங்கினதும் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் மெர்ஜிமெக் சோர்பா கேளுங்க. துவரைக்குப் பதில் மைசூர்ப் பருப்பை வேகவைத்துக் கடைந்த சூப்பு, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். சில கடையில் இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்ப்பார்கள், சைவம் என்றால் கேட்டுக்கொள்ளணும். அய்ரான் என்று உப்புப் போட்ட மோர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். நான் வெறும் சோறும் தயிரும் வாங்கிப் பிசைந்து தின்றேன். பக்கத்து மேசைக்காரர் சோற்றில் கை வைத்ததைப் பார்த்துத் திகைத்துப்போய் ஸ்பூனை என் பக்கம் நகர்த்தினார்.

மருந்துக்கடைக்கு அங்கே எஜ்ஸானே என்று பெயர், சிவப்பில் ஆங்கில 'E' எழுத்துப் போட்ட பலகை. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலும் பூட்டியிருக்கும். பூட்டியிருக்கிறதே என்று திரும்பாதீங்க. அன்றைக்கு முறை போட்டுத் திறந்திருக்கிற கடை எது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். அதைப் போனில் படம் பிடித்து டாக்சிக்காரரிடம் காட்டினால் போதும். டோலோ என்றால் யாருக்கும் தெரியாது, பாரசிட்டமால் என்று சொல்லுங்க. ஆன்டிபயாடிக் டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், அதுதான் சரியும்கூட. பேதியை நிறுத்துகிற லோப்பரமைடு மாத்திரையை, காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடவே கூடாது.

எப்போது ஆஸ்பத்திரி? மலத்தில் ரத்தம் வந்தால், தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் வராவிட்டால், 102-க்கு மேல் காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினால், பேச்சு குழறினால். இதில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடணும். ஆம்புலன்சுக்கு 112. எழுந்து நடக்க முடிகிற நிலை என்றால், முதலில் இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கிற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுவிட்டுப் போங்க. அவர்களிடம் சொல்லாமல் சேர்ந்துவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால் இழுத்தடிப்பார்கள். அந்த எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் காகிதத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்க. போன் சார்ஜ் தீர்வது எப்போதும் அந்த நேரத்தில்தான்.

யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்க: ஹாஸ்டல் முன்மேசையில் இருக்கிறவரிடம் "எனக்கு உடம்பு சரியில்லை, காலையில் பத்து மணிக்கு வரவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள்" என்று சொல்லி வைப்பேன். வெட்கப்படாமல் நான் சொன்னேன். ஒன்பதரைக்கே தட்டிவிட்டான், கையில் டீயோடு.

கேள்வி: அப்படிப் படுத்துவிட்டால் வீட்டுக்குச் சொல்வதா, மறைப்பதா?
(வாசகர், பவானி)

பதில்: சொல்லுங்க, ஆனால் நேரம் பார்த்து. துருக்கி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே ராத்திரி 10 மணிக்கு "காய்ச்சல்" என்று ஒற்றை வார்த்தை அனுப்பிவிட்டுத் தூங்கினால், இங்கே 12.30-க்குப் பார்த்துவிட்டு அம்மா விடிய விடிய உட்கார்ந்திருப்பார். காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், அடுத்து எப்போது பேசுவேன், இந்த மூன்றையும் சேர்த்து அனுப்புங்க. சொன்ன நேரத்துக்குப் பேசணும். தங்கை, தம்பி யாராவது பதறாத ஆளுக்கு முதலில் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

கேள்வி: எனக்குச் சர்க்கரை, ஊசி போடுகிறேன். கோவையிலிருந்து சிங்கப்பூர் போய்ப் பையோடு சுற்ற ஆசை. வயது 61. சம்சாரம் மசாலாப் பொடியும் கட்டித் தருகிறார்.
(வாசகர், தாராபுரம்)

பதில்: தாராளமாகப் போங்க. இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீங்க. விமானத்தின் அடிப்பகுதியில் உறைந்தால் மருந்து வீண், பெட்டி வராமல் போனால் மொத்தமும் வீண். கைப்பையில், டாக்டர் கடிதத்தோடு. மாத்திரைகள் அட்டையோடு இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து ஏதும் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்க. காய்ச்சல், வாந்தி என்றால் சாப்பிடவில்லையே என்று ஊசியை நீங்களாக நிறுத்தக் கூடாது. அந்த நாளுக்கு எவ்வளவு அளவு என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்க. அங்கே ஆம்புலன்சுக்கு 995. கொசு அங்கேயும் உண்டு, டெங்குவும் உண்டு. காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், புரூஃபன் வகையறா நீங்களாகப் போட்டுக்கொள்ளாமல், பாரசிட்டமால் மட்டும் போட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்க.

மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருக்கிறதா என்று அம்மணியிடம் கேளுங்க. சிங்கப்பூரில் கசகசாவுக்குத் தடை, துபாய் ஷார்ஜா பக்கமும் அப்படியே. குருமாவுக்கு ஆசைப்பட்டுப் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

கேள்வி: முதுகுப்பை எவ்வளவு எடை இருக்கலாம்?
(வாசகி, காங்கேயம்)

பதில்: 7 கிலோ. தராசை நம்பவில்லை என்றால் பையை மாட்டிக்கொண்டு சென்னிமலையில் 1,320 படியும் ஏறிப் பாருங்க. நடுவில் எந்த மண்டபத்தில் இறக்கி வைக்கத் தோன்றுகிறதோ, அங்கேயே ஜிப்பைத் திறந்து இரண்டாவது ஜீன்ஸை வெளியே எடுத்துவிடலாம்.