லேத் கதவின் ஜன்னல்: அக்ரிலிக் போதுமா?

கேள்வி: கப்பலூர் சிட்கோவில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் பழையதாக வாங்கிய சி.என்.சி. லேத்தின் (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் கடைசல் மெஷின்) கதவுக் கண்ணாடி மஞ்சளடித்து, உள்ளே எதுவும் தெரியவில்லை. பையன்கள் தின்னர் ஊற்றித் துடைக்கிறார்கள். கடையில் அக்ரிலிக் ஷீட் வாங்கி வெட்டி மாட்டினால் போதுமா, ஐயா?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: போதாது, தம்பி. முதலில் அந்தத் தின்னர் டப்பாவை அங்கிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் கண்ணாடி என்று சொல்வது பாலிகார்பனேட் என்ற, அடி தாங்கும் பிளாஸ்டிக். வேலையைப் பார்க்க மட்டும் வைத்ததல்ல. வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கிலிருந்து, ஜாவோ (பிடிக்கும் தாடை) ஜாபோ (கடையும் துண்டு) கழன்று பறந்தால் பிடித்து நிறுத்த வைத்தது. ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 2 மடங்கானால் பறக்கும் துண்டின் ஆற்றல் 4 மடங்காகிவிடும். அந்த அடிக்கு அக்ரிலிக் சில்லுசில்லாக உடையும்.

கே.புதூரில் நான் மெயின்டனன்ஸ் பார்த்த ஒரு பட்டறையில் ஜா கழன்று ஜன்னலில் அடித்தது. ஷீட் உள்ளங்கை அளவுக்கு வெளியே புடைத்தது, கிழியவில்லை. ஆபரேட்டர் ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தார். அது மாட்டி எட்டே மாதமான ஷீட். இன்னொரு மெஷினில் கழற்றிய பழைய ஷீட்டைத் தரையில் போட்டுச் சுத்தியலால் அடித்தேன். ஒரே அடியில் விரிசல் ஓடியது. அதற்கு முன் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது!

கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலண்டும் எண்ணெயும் ஓரத்து வழியாக ஏறி, பாலிகார்பனேட்டை உள்ளுக்குள் மொறுமொறுப்பாக்கிவிடும். தின்னர், அசிட்டோன் பட்டால் கேட்கவே வேண்டாம். மேலே பாதுகாப்பு உறை இல்லாத ஷீட்டை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். உள்பக்கம் கண்ணாடி ஒட்டி, ஓரம் சீல் செய்தது இன்னும் கூடுதல் காலம் வரும். உங்களுடையது நான்கு வருடம், அதோடு முந்தைய முதலாளி ஓட்டிய காலமும் சேர்கிறது.

ஷீட்டை மெஷின் கம்பெனியிடமே அதே கனத்தில் கேளுங்கள். துளை போட்டு போல்ட் முறுக்கிவிடாதீர்கள்; பிரேமுக்குள் நன்றாக உட்கார வேண்டும். மாட்டிய தேதியை மூலையில் மார்க்கரால் எழுதிவையுங்கள். துடைக்க சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். உலோகப் பிசிறு ஒட்டிய பனியன் வேஸ்ட் கீறிவிடும்.

அப்புறம், கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் கதவு ஸ்விட்சை, வேலை செய்யாதபடி யாராவது கட்டிவைத்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். கதவு திறந்தபடி ஓடினால் எந்த ஷீட்டும் உதவாது.

புது ஷீட் வரும்வரை அந்த லேத்தை ஓட்டாதீர்கள். அவசர ஆர்டர் என்றால் பக்கத்துப் பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்குங்கள்.