கேள்வி – பதில்: கலங்கிய நீரும் செய்மதிப் படமும்

கேள்வி: மாரி மழைக்குப் பின்னர் யாழ்ப்பாணக் கடல்நீரேரி எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைச் சென்ரினல்-2 என்னும் ஐரோப்பியச் செய்மதியின் படங்களிலிருந்து அறிய முயல்கிறேன். அண்மை அகச்சிவப்புப் பட்டைகளைக் (அலைநீள வீச்சுகளைக்) கொண்டு வளிமண்டலத் திருத்தம், அதாவது வளி சிதறடித்த ஒளியைக் கழிக்கும் கணிப்பு, செய்ததும், கலங்கல் மிகுந்த இடங்களில் நீலப் பட்டையின் தெறிப்பு பூச்சியத்துக்குக் கீழே போய்விடுகிறது. படம் பழுதானதா?
– பல்கலைக்கழக மாணவி, குருநகர்

பதில்: படத்தில் பழுதில்லை, திருத்தத்தின் எடுகோள்தான் உங்கள் நீருக்குப் பொருந்தவில்லை. தெளிந்த சமுத்திரத்தின் மேல் செய்மதியை வந்தடையும் கட்புல ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, நீருக்குள் புகாமலே வளியின் மூலக்கூறுகளாலும் மிதக்கும் தூசி, உப்புத் துணிக்கைகளாலும் சிதறி வருவதாகும். மூலக்கூறுகளின் பங்கைக் கணித்துக் கழித்துவிடலாம். துணிக்கைகளின் பங்கோ நாளுக்கு நாள் மாறுவதால், அதைப் படத்திலிருந்தே பெற வேண்டும். நீர் அகச்சிவப்பை உறிஞ்சிவிடுவதால் 765, 865 நனோமீற்றர் அலைநீளங்களில் கடலிலிருந்து ஒளியே எழாது என்று கொண்டு, அங்கே எஞ்சுவது முழுவதையும் துணிக்கைகளின் கணக்கில் எழுதி, அதனைக் கட்புலப் பட்டைகளுக்கு நீட்டிக் கழிப்பதே கோர்டன், வாங் என்னும் ஆய்வாளர் இருவர் 1994இல் வெளியிட்ட முறை.

ஆழ்கடலுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. சேற்று நீரில் மண் துணிக்கைகள் அந்த அகச்சிவப்பையும் மேலே திருப்பிவிடுவதால், சேற்றின் ஒளி வளியின் ஒளியாக எண்ணப்பட்டு அளவுக்கு மிஞ்சிக் கழிக்கப்படுகிறது. நீருள் கரைந்த கரிமப் பொருட்கள் நீல ஒளியை முன்னரே உறிஞ்சியிருப்பதால், கழிப்பதற்கு அங்கே மிச்சமும் குறைவு. ஆகவே முதலில் எதிர்க்கணியமாவது நீலமே.

சென்ரினல்-2இல் 1610, 2190 நனோமீற்றருக்கு அண்மையில் உள்ள குற்றலை அகச்சிவப்புப் பட்டைகளைப் பயன்படுத்துங்கள். அங்கே நீரின் உறிஞ்சல் மிகக் கடுமையானது. மிக அடர்ந்த சேறு தவிர எதுவும் கருமையாகவே தெரியும். சமிக்ஞை நலிந்தது என்பதால் அயற்புள்ளிகளைச் சராசரிப்படுத்த வேண்டும். பெல்ஜியத்தில் உருவான 'அக்கோலைற்' என்னும் இலவச மென்பொருள் இவ்வழியையும், படத்தின் மிகக் கரிய புள்ளிகளைக் கொண்டு வளியை மதிப்பிடும் வழியையும் தருகிறது. அதற்குத் திருத்தப்படாத முதல்நிலைப் படத்தையே கொடுங்கள். நிலத்தைக் கருதித் திருத்தி வழங்கப்படும் படம் உதவாது.

எனினும் நம் கடல்நீரேரி ஆழமற்றது. அடியிலுள்ள வெண்மணலும் சாதாழை என்னும் கடற்புல்லும் திருப்பும் ஒளியை எந்த வளிமண்டலத் திருத்தமும் அகற்றாது. கரையோரப் புள்ளிகளில் நிலத்தின் ஒளியும் வளியில் சிதறிக் கலக்கும். எனவே செய்மதி கடக்கும் அன்றே படகில் சென்று நீர்மாதிரி எடுங்கள். நீரின் தெளிவை அறிய, கண்ணுக்கு மறையும்வரை வெண்தட்டை இறக்கிப் பார்ப்பதில் இங்கே பயன் குறைவு, அது மறையுமுன்னே தரையைத் தொட்டுவிடும். கலங்கலை அளக்கும் கருவியே ஏற்றது.