எங்கள் வார்டில் சபை எங்கே கூடுகிறது?

சென்ற இதழில் நகர்ப்புறப் பகுதி சபைகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். கிராம சபை மாதிரி நகரத்திலும் ஒன்று இருக்கிறது, போய் உட்காருங்கள் என்று. அதற்கு வந்த கடிதங்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம், அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே. எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் போடவில்லை. எல்லோரும் அதே தெருவில், அதே கவுன்சிலரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் பல வருடம் இருக்க வேண்டியவர்கள்.

கேள்வி: 15 வருடமாக ஒரே வார்டில் இருக்கிறேன். பகுதி சபை என்ற பேரையே உங்கள் பத்தியில்தான் முதல் தடவை பார்த்தேன். நிஜமாகவே நடக்கிறதா, காகிதத்தில் மட்டும்தானா?

பதில்: நடக்கிறது, சார். நீங்கள் கேள்விப்படாததற்குக் காரணம் இருக்கிறது. கிராமங்களுக்கு 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபையைக் கொடுத்தது. நகரங்களுக்கான 74-வது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் இருக்கும் ஊர்களில் வார்டு குழு அமைக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. வாக்காளர் எல்லோரும் வந்து உட்காரும் சபை அதில் இல்லை. தமிழ்நாட்டில் பகுதி சபை சட்டத்துக்குள் வந்தது 2010ல், அதற்கான விதிகள் வந்தது 2022ல். நடுவில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது, தனி அதிகாரிகள்தான். கவுன்சிலரே இல்லாதபோது சபையை யார் கூட்டுவது? கடைசியில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்றுதான் இந்தச் சபைகள் கூடத் தொடங்கின. அன்றைக்குத் தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த சபைக்கு முதல்வர் ஸ்டாலினும் வந்திருந்தார்.

ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள், சென்னையில் என்றால் வார்டுக்குப் பத்து. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோருமே அந்தச் சபையின் உறுப்பினர்கள், உங்களை யாரும் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை, சந்தாவும் கட்ட வேண்டியதில்லை. பகுதிக்கு ஒரு பிரதிநிதி. அவர்கள் எல்லோரும் சேர்ந்து, கவுன்சிலர் தலைமையில், வார்டு குழு. அந்தப் பிரதிநிதியைத் தெருக்காரர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஏற்பாடு, ஏனென்றால் நியமித்தவருக்குத்தான் அவர் பதில் சொல்வார், தெருவுக்குச் சொல்ல மாட்டார். அதை மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும் சபையில் பேச உங்களுக்கு இருக்கிற உரிமையை யாரும் பிடுங்க முடியாது.

கேள்வி: எங்கள் கவுன்சிலர் நல்ல மனிதர். எப்போது கூப்பிட்டாலும் போனை எடுப்பார். "என்ன வேணும்னாலும் எங்கிட்டயே சொல்லுங்கக்கா, இதுக்கு எதுக்கு மீட்டிங்" என்கிறார். அவர் சொல்வதும் சரிதானே?

பதில்: போனை எடுக்கிற கவுன்சிலர் கிடைத்தது பெரிய விஷயம், அம்மா, அவரை விட்டுவிடாதீர்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். காரணத்தை எங்கள் தெருவில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

மழைநீர் வடிகாலுக்காக எங்கள் தெருவில் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம் தோண்டினார்கள். பாதி தூரம் சுவர் கட்டியதும் வேலை நின்றுவிட்டது. நாலு மாதம். கம்பிகள் நீட்டிக்கொண்டு, அடியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பலகை. எதிர் வீட்டுப் பாட்டி அந்தப் பலகையில் கால் வைக்கும்போது பேத்தி பின்னால் நின்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். பள்ளியிலிருந்து வரும் பிள்ளை, பாட்டியைப் பிடித்தபடி! அதைத் தினமும் பார்த்தேன். தெருவில் எல்லோரிடமும் கவுன்சிலர் நம்பர் இருந்தது, எல்லோரும் தனித்தனியாகப் பேசினோம், எல்லோருக்கும் "பார்க்கிறேன்மா" என்று பதில் வந்தது. கொஞ்சம் நெருக்கமானவர்கள் வீட்டு முன்னால் மட்டும் பலகைக்குப் பதில் சிமெண்ட் ஸ்லாப் வந்தது. அவர்கள் அதோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் வீட்டிலும் வயதானவர்கள் உண்டு. ஆனால் ஒரே பள்ளத்துக்கு எதிரில் இருந்த நாங்கள் அப்படித்தான் இரண்டு கட்சியானோம்.

அப்புறம் பகுதி சபை வந்தது. மூன்றாவது தெருவில் ஒருவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த எண் வரை பள்ளம், என்றைக்குத் தோண்டியது, என்றைக்கு வேலை நின்றது, யார் யார் விழுந்தார்கள் என்று எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சபையில் உதவிப் பொறியாளரும் இருந்தார். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்தது: பள்ளத்துக்குக் குறுக்கே மின்சாரக் கேபிள் போகிறது, அதை நகர்த்தித் தர வேண்டியது வேறு துறை, கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை. இவ்வளவுதான். நாலு மாதமாக இதை எங்களில் ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை, கவுன்சிலருக்கே முழுசாகத் தெரியாது என்று நினைக்கிறேன். அன்றைக்கே தீர்மானம் எழுதினோம், அதன் நகலை எடுத்துக்கொண்டு கவுன்சிலரும் நாங்கள் ஆறு பேரும் அந்தத் துறை அலுவலகத்துக்குப் போனோம். மூன்று வாரத்தில் கேபிள் நகர்ந்தது.

போனில் சொல்கிற குறை உங்கள் குறையாகவே இருந்துவிடும். அவர் செய்து கொடுத்தால் உங்களுக்குச் செய்த உதவி, செய்யாவிட்டால் கேட்க ஒரு காகிதமும் இருக்காது. சபையில் எழுதினால் அது தெருவின் கோரிக்கை. நாளைக்கு அவர் தோற்று வேறொருவர் வந்தாலும் அது புத்தகத்தில் அப்படியே இருக்கும். அவருக்கும் இது லாபம்தான், மன்றக் கூட்டத்தில் "என் வார்டு மக்கள் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்" என்று எழுந்து பேசலாம். இதை அவரிடம் இதே மாதிரி சொல்லிப் பாருங்கள், நல்ல மனிதர் என்கிறீர்கள், கேட்பார். விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சபை கூட வேண்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் 22 வருடமாக இயங்குகிறது. முறைப்படி பதிவு செய்தது, கணக்கு வழக்கு சுத்தம். பூங்கா, கேமரா, குப்பை எல்லாம் நாங்களே பார்க்கிறோம். இப்போது பகுதி சபை என்று அரசியலைத் தெருவுக்குள் கொண்டுவர வேண்டுமா?

பதில்: உங்கள் சங்கம் மாதிரி சங்கங்கள் செய்த வேலையை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். ஆலந்தூரை நினைத்துப் பாருங்கள். 1990களின் கடைசியில், அது தனி நகராட்சியாக இருந்தபோது, பாதாளச் சாக்கடை கொண்டுவரப் பணம் போதவில்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டுங்கள் என்று மக்களிடமே கேட்டார்கள். குழாயே போடாத திட்டத்துக்கு, அந்தக் காலத்து 5,000 ரூபாய்! அன்றைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதி முன்னால் நின்றார். தெருத்தெருவாக உட்கார்ந்து பேசி அந்த நம்பிக்கையை உண்டாக்கியதில் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. திட்டமும் நிறைவேறியது.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் சங்கத்தில் வாடகைக்கு இருப்பவர் உறுப்பினராக முடியுமா? தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹவுசிங் போர்டு வீடுகளில் குடியிருப்பவர்? நிறைய சங்கங்களில் வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான் இடம், உங்கள் விதியைப் புரட்டிப் பாருங்கள். பூங்காவை இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவது, குப்பைத் தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்பதெல்லாம் அவர்களையும் பாதிக்கிற முடிவுகள். தொட்டியை உங்கள் தெருவிலிருந்து எடுக்கச் சொன்னால் அது யார் வீட்டுப் பக்கம் போகும்? சபையில் அவர்களும் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் அந்தக் கேள்வியை யாரும் தாண்டிப்போக முடியாது. அதை அரசியல் என்றால், அந்த அரசியல் வரட்டும்.

நமக்கு நாமே திட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. வேலையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். நல்ல திட்டம், ஆனால் பணம் புரட்டக்கூடிய தெருதான் முதலில் போய் நிற்கும், புரட்ட முடியாத தெரு பின்னால் நிற்கும். உங்களிடம் 22 வருட அனுபவம் இருக்கிறது, மனு எழுதத் தெரியும், எந்த வேலை எந்த அலுவலகம் என்று தெரியும். அதோடு சபைக்கு வாருங்கள், அங்கே அது நிறைய பேருக்குத் தேவைப்படுகிறது.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறேன். ஓட்டு சொந்த ஊரில். நான் போய்ப் பேசலாமா?

பதில்: உறுப்பினராக வேண்டுமென்றால் பட்டியலில் பெயர் வேண்டும், தம்பி. முகவரி மாறியதற்குப் படிவம் 8 கொடுத்தால் பெயர் இங்கே வந்துவிடும், ஆன்லைனிலேயே முடியும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறோம், ஓட்டும் அங்கேயே இருக்கட்டும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீரும் சாக்கடையும் இங்கேதானே உங்களுக்கு. அதுவரை பக்கத்து வீட்டு வாக்காளர் வழியாகக் கோரிக்கையைக் கொடுங்கள்.

கேள்வி: சாலை போடும்போதெல்லாம் உயர்ந்துகொண்டே போகிறது. எங்கள் வீட்டுக்கு முன்பு மூன்று படி ஏறிப் போவோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். மழை வந்தால் தெருத் தண்ணீர் கூடத்துக்கு வருகிறது. யாரிடம் சொல்வது?

பதில்: படித்ததும் வயிறு எரிந்தது. நீங்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடு, உங்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லாமல் பள்ளமாகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புதுசு போட வேண்டும் என்று 2021லேயே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். மில்லிங் என்பார்கள். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேலை நடக்கும் ராத்திரியில் தெருவில் யாராவது இருக்க வேண்டும்.

அடுத்த தடவை வேலை தொடங்குவதற்கு முன்பே வாசற்படிக்கும் சாலைக்கும் எவ்வளவு உயரம் என்று இன்ச் டேப் வைத்து அளந்து, டேப் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள், உங்கள் வீடு மட்டும் இல்லை, தெருவில் ஐந்தாறு வீடுகளில். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி: இந்த வேலையின் மதிப்பீட்டு நகல், அதில் மில்லிங் சேர்ந்திருக்கிறதா, செய்த வேலையின் அளவைக் குறித்துவைக்கும் எம்-புக்கில் எத்தனை சதுர மீட்டர் சுரண்டியதாக எழுதியிருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். போட்ட சாலையின் மாதிரியை எடுத்துப் பார்க்கக்கூட அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு, பலருக்கு இது தெரியாது. சுரண்டாத சாலைக்குச் சுரண்டியதாகக் கணக்கு இருந்தால், அந்தக் காகிதத்தைச் சபையில் வைத்துப் படியுங்கள். ஏற்கனவே உயர்ந்துவிட்ட சாலையை இறக்குவது கஷ்டம்தான், அதையும் தீர்மானமாக எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: ஹவுசிங் போர்டில் இருக்கிறேன், வீட்டு வேலைக்குப் போகிறேன். ஒரு தடவை சபைக்குப் போனேன். வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்திருந்தார்கள், அரை நாள் லீவு போட்டேன். பந்தலில் முன்வரிசை முழுக்க சட்டைப் பையில் பேனா வைத்த ஆட்கள். கடைசி வரிசையிலிருந்து தண்ணி லாரி ராத்திரி 2 மணிக்கு வருகிறது என்று சொன்னேன். "சரிம்மா, உக்காருங்க" என்றார்கள். அதோடு முடிந்தது. மறுபடியும் போகத்தான் வேண்டுமா?

பதில்: போக வேண்டும், அக்கா. ஆனால் இந்தத் தடவை தனியாகப் போகாதீர்கள். கேரளாவில் குடும்பஸ்ரீ 1998ல் தொடங்கியபோது பெண்களை நேராகப் பெரிய கூட்டத்துக்கு வரச் சொல்லவில்லை. பத்து இருபது வீட்டுப் பெண்கள் முதலில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிப் பேசினார்கள், அயல்கூட்டம் என்று பெயர், அதற்கு மேலே வார்டு அளவில் ஒரு அமைப்பு, அதற்கும் மேலே ஊர் அளவில். கடைசியில் பேச எழுந்திருக்கிற பெண்ணுக்குப் பின்னால் அத்தனை வீடு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் பிளாக்கில் மாடிக்கு மாடி பேசுங்கள். லாரி எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வந்தது என்று பதினைந்து நாள் ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள், சுவரில் மாட்டுகிற தினசரிக் காலண்டர் போதும், தேதி கிழிக்கும்போதே பின்னால் எழுதிவிடலாம்.

நேரத்தை மாற்றச் சொல்லி முதலிலேயே ஒரு மனு கொடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை, அல்லது சாயங்காலம் 6 மணிக்கு மேல். வேலைக்குப் போகிறவர் வர முடியாத நேரத்தில் வைக்கிற கூட்டத்தில் பாதித் தெரு இருக்காது என்று அதில் எழுதுங்கள். கூட்டத்துக்குச் சீக்கிரமே போய் முன்வரிசையில் பத்துப் பேரும் உட்காருங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் எழுந்து நிற்கட்டும். கையெழுத்து வாங்கப் புத்தகம் சுற்றிவரும், தீர்மானங்களை எழுதுவதற்கு முன்னாலேயே சில இடங்களில் வாங்கிவிடுகிறார்கள். நீங்கள் கொடுக்காதீர்கள். தீர்மானங்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், தண்ணி லாரி நேரம் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.