கோழிக் கொட்டகையில் உடும்பு: பிடிக்க ஆள் வைக்கலாமா?

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. கோழிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் கரையான் புற்றில் ஒரு மாதமாக உடும்பு நடமாடுகிறது. முட்டை காணாமல் போகிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பிடித்துப் போகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் அதைக் காட்டில் விடப்போவதில்லை. உங்களிடம் ஒரு காசு, கறி வாங்குபவரிடம் ஒரு காசு. மூட்டுவலிக்கு உடும்பு எண்ணெய், ஆண்மைக்கு உடும்பு ரத்தம் என்று தேடி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவற்றில் மருந்து எதுவும் இல்லை. கஞ்சிராவுக்குத் தோல் என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு ஆட்டுத்தோலே போதும்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் உடும்பும் இருக்கிறது. பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். காசு கொடுத்துப் பிடிக்கச் சொன்னவருக்கும் இது பொருந்தும். பிடித்த ஆள் ஓடிவிடுவார். வழக்கில் உங்கள் வீட்டு முகவரிதான் நிற்கும்.

"குழந்தையைக் கடிக்க வந்தது, அதனால் அடித்தோம் என்று சொன்னால்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். உயிரைக் காக்க வேறு வழியில்லாமல், நல்லெண்ணத்தோடு அடித்தால் குற்றமில்லை என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அது உயிருக்கு மட்டும். கோழிக்கும் முட்டைக்கும் இல்லை. ஓடுகிற உடும்பைத் துரத்தி அடித்தால் அது தற்காப்பு ஆகாது. அப்படியே செத்தாலும் உடல் அரசாங்கத்துக்குச் சொந்தம். 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும். குழம்பு வைத்துவிட்டுத் தற்காப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

உடும்பு தானாக மனிதர் மேல் பாயாது. மடக்கினால்தான் சீறும், வாலால் அடிக்கும், கடிக்கும். கடித்தால் ஆளைக் கொல்லும் விஷம் இல்லை. காயம் சீழ் பிடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். ஒருமுறை நான் கூப்பிட்டபோது "அது எங்க ரேஞ்ச் இல்லை" என்று மூன்று இடங்களில் அலைக்கழித்தார்கள். இப்படி இழுத்தடித்தால் ஜனங்கள் புரோக்கரிடம் போகாமல் என்ன செய்வார்கள்? நீங்கள் விடாதீர்கள், கூடவே தீயணைப்புத் துறைக்கும் 101இல் சொல்லுங்கள்.

அப்புறம், முட்டை. உடும்பு பகலில் திரியும் பிராணி, ராத்திரி மட்டும் கூண்டைப் பூட்டிப் பலனில்லை. காலையும் மதியமும் முட்டையை எடுத்துவிடுங்கள், கொட்டகையின் அடிப்பக்கம் கம்பிவலை அடியுங்கள். புற்றை இடிக்க வேண்டாம். தீனி கிடைக்காவிட்டால் அது மலைப்பக்கம் போய்விடும்.