டாரோட்டும் எகிப்தும்

கேள்வி: டாரோட் சீட்டு என்பது எகிப்தியப் பூசாரிகள் தங்கள் ஞானத்தை ஒளித்து வைத்த புத்தகம், ஜிப்சிகள்தான் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று எனக்குச் சீட்டு பார்த்தவர் சொன்னார். உண்மையா?

பதில்: உண்மை இல்லை. இந்தக் கதை பிறந்த ஊர் பாரிஸ். ஆண்டு 1781. கூர் த ஜெப்லான் என்ற அறிஞர் தன் நூல்வரிசையின் எட்டாம் தொகுதியில் இதை எழுதினார். 'டாரோட்' எகிப்தியச் சொல், 'அரச பாதை' என்று பொருள் என்றும் அடித்துச் சொன்னார். பழைய எகிப்திய எழுத்தை ஷாம்பொலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்துக் காட்டியதோ 1822இல். அதற்கு 41 ஆண்டு முன்பு அந்த மொழியில் ஒரு சொல்லுக்கு இவர் எப்படிப் பொருள் சொன்னார்? 1785இலேயே இன்னொருவர் டாரோட்டில் குறி பார்க்கும் முறையைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். அல்லியெட் என்ற தன் பெயரைத் திருப்பிப் போட்டு 'எத்தெயா' ஆனவர் அவர்.

சரி, நிஜத்தில் எங்கே தொடங்கியது? வட இத்தாலியில், ஓர் ஆட்டமாக. ஃபெராரா அரண்மனைக் கணக்கில் 1442இலேயே இந்தச் சீட்டுக்குச் செலவு எழுதியிருக்கிறார்கள். 78 சீட்டில் தனி வரிசையாக வரும் 22 படச்சீட்டில், 'முட்டாள்' என்ற ஒன்றைத் தவிர மற்றவை நாம் இருபத்தெட்டு ஆடும்போது இறக்கும் துருப்பு மாதிரிதான். ஆனால் இவை எப்போதும் துருப்பு. மிலான் பிரபுக்களுக்காக வரைந்த ஒரு கட்டில் 74 சீட்டு இன்றும் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 17 செ.மீ. உயரம். படச்சீட்டுகளில் தங்க ரேக்கை ஒட்டி, அதில் ஊசியால் புள்ளி குத்திக் கோலம் போல் இழைத்திருக்கிறார்கள். அப்படிக் குனிந்து உட்கார்ந்து உழைத்த கைகளின் பெருமையை இல்லாத ஒரு பூசாரிக்குத் தூக்கிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜிப்சி என்ற பெயரே, அந்த மக்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் தப்பாக நினைத்து வைத்தது. ஜிப்சி என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் பூர்வீகம் நம் இந்தியா. அவர்கள் தலையில் இந்தக் கதையையும் ஏற்ற வேண்டாம்.

எகிப்துக்கு ஒரு பங்கு உண்டுதான், ஆனால் பூசாரிகளுக்கு இல்லை. மம்லூக் சுல்தான்கள் ஆண்ட எகிப்தின் சாதாரண ஆட்டச் சீட்டு 1370களில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படி ஒரு கட்டு இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனையில் இருக்கிறது. கோப்பை, காசு, வாள், போலோ மட்டை என்று அதில் நான்கு இனம். போலோ ஆட்டம் இத்தாலியர்களுக்குப் பழக்கமில்லை, மட்டையை வெறும் தடியாக வரைந்துகொண்டார்கள். உங்கள் முன் விரித்த சீட்டில் இருந்த கோல் அதுதான்.